பெவர்லியின் விடுப்பு

பெவர்லிக்கு ஆகஸ்டில் இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தது லோர்னாதான். பெவர்லி என்று ஒருத்தி கிடையவே கிடையாது என்பதும் லோர்னாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படியும் அந்த இரண்டு வாரம் பெவர்லியை அவள் தொந்தரவு செய்ய மாட்டாள். அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சல்களைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். லீவில் இருப்பவளை வேலை வாங்குவது நியாயமில்லை என்பது அவள் கட்சி. அவளே லீவு எடுத்து ஏழு வருஷம் ஆகிறது என்பதைப் பற்றி அந்தக் கட்சிக்குக் கருத்து எதுவும் இல்லை.

சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் முதல் வருஷத்தில் சொல்கிற பொய்தான் இந்தப் பெவர்லி. அணில் ஏற முடியாத பறவைத் தீனிக் கூண்டு செய்து விற்கலாம் என்று அமெரிக்காவில் டுலூத் நகரத்தில் தன் வீட்டு கராஜில் லோர்னா உட்கார்ந்தபோது, கம்பெனியில் மொத்தம் ஒரே ஆள். ஒற்றை ஆள் கம்பெனியை நம்பி யார் கூண்டு வாங்குவார்கள்? அதனால் இணையதளத்தில் நாலு பேரைப் போட்டாள். முதலாளி லோர்னா. கடைக்காரர்களிடம் பேச கென். சரக்கு அனுப்ப ஃபில். வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுத பெவர்லி. கென் கறாரான ஆள். ஃபில் மூன்று வார்த்தைக்கு மேல் எழுத மாட்டான். பெவர்லி தங்கமானவள்.

மினியாபொலிஸ் கடைக்காரர் ஒருவர், கென்னிடம்தான் பேசுவேன் என்று போனில் அடம்பிடித்தார். லோர்னா போனை அப்படியே கணவன் ஆர்லனிடம் நீட்டினாள். அவன் பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். சூப் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே குரலைக் கிணற்றுக்குள் இறக்கி, "கென் பேசறேன், சொல்லுங்க" என்றான். போனை வைத்ததும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சூப் அடிப்பிடித்தது. அதற்குப் பிறகு அப்படிச் சிரித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

கம்பெனி வளர்ந்தது. துறைமுகச் சாலையில் பெரிய கொட்டகை, இருபத்திரண்டு ஆட்கள். நிஜ ஆட்கள் வந்ததும் கென்னும் ஃபில்லும் ஓய்வு பெற்றார்கள். ஆர்லன் அவர்கள் பெயரை எழுதிய கேக் வாங்கி வந்து வெட்டினான். பெவர்லிக்கும் அப்போதே கேக் வெட்டியிருக்க வேண்டும். லோர்னா விடவில்லை.

காரணத்தைச் சொன்னால் ஊர் சிரிக்கும். காலை ஏழரைக்குக் கொட்டகை வாசலில் காரை நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கழற்றாமல் இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். கதவைத் திறந்தால் முதலாளியாக வேண்டும். தொழிலாளர்களுக்கு அவள் அம்மாவாகவும் இருக்க வேண்டும், போலீஸாகவும் இருக்க வேண்டும். உடம்பு சரியில்லாத தாயாரைப் பார்க்கப் போகிறேன் என்று லீவு கேட்டவனிடம், சனிக்கிழமை ஷிப்டுக்கு நீ வந்தே ஆகணும் என்று சொன்ன அதே வாயால், பத்து நிமிஷம் கழித்து பெரிய கடைக்காரர்களிடம் எல்லாம் பிரமாதமாகப் போகிறது என்று சொல்ல வேண்டும். இடது கண் இமை துடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். ஆகஸ்டில் எடுக்கிறேன் என்றாள். எந்த ஆகஸ்ட் என்று டாக்டர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் அந்த முதலாளிச் சட்டை கழலாது. ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று ஆர்லன் கேட்டால், "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பாள். கடைக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பதில். ஆர்லன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு முட்டையை உடைத்து ஊற்றுவான்.

இத்தனைக்கும் நடுவே மத்தியானம் அரை மணி நேரம் அவள் பெவர்லி. அப்போது கண் இமை துடிக்காது. அணில் கூண்டின்மேல் தலைகீழாகத் தொங்கும் போட்டோவை யாராவது அனுப்பி, உங்கள் உத்தரவாதம் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். பெவர்லி அந்த அணிலின் சாமர்த்தியத்தைப் பாராட்டி நாலு வரி எழுதிவிட்டு, புதுக் கூண்டும் அனுப்பிவைப்பாள். பெவர்லிக்கு அவசரம் என்பதே கிடையாது. யாரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. லோர்னா ஒரு காலத்தில் இருந்த மாதிரி அவள் இருந்தாள், அவ்வளவுதான்.

லீவு விஷயத்தைக் கிளப்பியது அல்மா அத்தை. ஆர்லனுக்கு அப்பா வழி அத்தை, ஃபார்கோவில் தனியாக இருப்பவள். மருமகள் கம்பெனி என்று பெருமையாக ஆறு கூண்டுகள் வாங்கி, பெவர்லியோடு ஓயாமல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தாள். பெவர்லி யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஜூலையில் லோர்னாவையே போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு பெவர்லிக்கு லீவே குடுக்க மாட்டியா? கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூட எனக்குப் பதில் எழுதறா. பாவமா இல்லையா உனக்கு? முதலாளி ஆனா மனசு கல்லாயிடுமா?"

"குடுத்துடறேன் அத்தை."

"ஆகஸ்ட்ல குடு. ஏரிக்குப் போயிட்டு வரட்டும்."

லோர்னாவும் கொடுத்தாள். பெவர்லி பெயரில் ஒரு தானியங்கி பதில் எழுதி வைத்தாள். யார் எழுதினாலும் அது தானே போகும். ஏரியில் இருக்கிறேன், சிக்னல் கிடையாது, பதினெட்டாம் தேதி வருவேன் என்று. எழுதி முடித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. பதினெட்டாம் தேதி மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால், ஏரி எப்படி இருந்தது என்று முப்பது பேர் கேட்டிருந்தார்கள். பதில் சொல்லத்தானே வேண்டும்?

ஏரி என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் ஆர்லனின் அப்பா கட்டிய மரக் கேபின். வாசலிலிருந்து தண்ணீருக்குள் நீளும் பலகைத்துறை. பக்கத்தில் ஒரு ஆள் உயரத்தில் சவுனா அறை, நெருப்பு மூட்டி வியர்க்க வியர்க்க உட்கார்ந்துவிட்டு அப்படியே ஏரியில் குதிக்கலாம். ஆர்லன் வருஷா வருஷம் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை போவான். முன்பு அவளும் போனாள். கம்பெனி வளர்ந்த பிறகு, போகும் அன்று காலை அவன் கேட்பான், "வர்றியா?" அவள் சொல்வாள், "பார்த்துட்டுச் சொல்றேன்." அவன் தனியாகப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வருவான்.

வந்ததும் லோர்னா ஆசையாகக் கேட்பாள், ஏரியில் இருக்கும் லூன் பறவைக்கு இந்த வருஷம் எத்தனை குஞ்சு என்று. அவனும் உட்கார்ந்து சொல்வான். இரண்டு குஞ்சு, ஒன்றுக்கு இன்னும் முங்கத் தெரியவில்லை, ப்ளூபெர்ரி காய்ப்பு பாறைப் பக்கம்தான் அதிகம். மறுநாள் மத்தியானம் அத்தனையும் பெவர்லியின் கடிதங்களில் ஏறிவிடும். அவன் சொல்லாததை லோர்னா தன் ஞாபகத்திலிருந்து எடுத்துப் போடுவாள். துறையில் கரையிலிருந்து மூன்றாவது பலகை ஆடும், தெரியாதவர்கள் தண்ணீருக்குள் போய்விடுவார்கள், நான் ஒரு எட்டாக எட்டிவைத்துத் தாண்டிவிடுவேன். என் கணவர் சவுனாவில் பாடுவார், சுதி சேரவே சேராது, ஆனால் நிறுத்தினால் எனக்குத் தூக்கம் வராது. இப்படியெல்லாம் எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கும். ஏக்கத்தில் எழுதினாள், பொய் என்றே தோன்றவில்லை.

இந்த வருஷம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை ஆர்லன் வண்டியில் சாமான்களை ஏற்றினான். லோர்னா போனும் கையுமாக வாசலில் நின்றாள். கூண்டுக்கு ஸ்பிரிங் அனுப்பும் கம்பெனி கைவிரித்துவிட்டது, பெரிய கடைக்காரர்கள் தேதி கேட்கிறார்கள், இரண்டு மேற்பார்வையாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அவன் கேட்கப்போகிறான், பார்த்துட்டுச் சொல்றேன் என்று சொல்லாமல் இந்தத் தடவை வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆர்லன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "பின் கதவைப் பூட்டிக்கோ, தாழ்ப்பாள் சரியா விழ மாட்டேங்குது" என்றான். வண்டி திருப்பத்தில் மறைந்தது.

அவன் கேட்கவில்லை. இதை லோர்னா ஸ்பிரிங்காரர்களோடு பேசி முடித்து, மத்தியானம் ரொட்டியை வாயில் வைத்தபோதுதான் முழுதாக உணர்ந்தாள். ஏழு வருஷமாக அவள் அவனை மறுத்துக்கொண்டிருந்தாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கிறவரைக்கும் எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

போகலாம் என்று நினைத்தாள். கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது என்றும் நினைத்தாள். சொந்தக் கணவனிடம் போவதற்கு வெற்றிலை பாக்கா வைக்க வேண்டும் என்று யாராவது தலையில் தட்டியிருக்கலாம். தட்ட ஆள் இல்லை. முதலாளியைத் தட்ட யார் இருக்கிறார்கள்? இரண்டு வாரமும் கொட்டகையில் சண்டை தீர்த்தாள், தேதி சொன்னாள், சொன்ன தேதியை மாற்றினாள். காரில் உட்கார்ந்திருப்பது இருபது நிமிஷத்திலிருந்து நாற்பது நிமிஷமாயிற்று. பெவர்லியின் பெட்டியை மட்டும் வழக்கம்போல் திறக்கவில்லை.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆர்லன் திரும்பினான். முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஈரத் துணிகளை இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தவன் பின்னால் போய் நின்று லோர்னா எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"லூனுக்கு எத்தனை குஞ்சு?"

அவன் திரும்பவில்லை. "பெவர்லியைக் கேளு" என்றான். "அவ அங்கதான் இருந்தாளாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். பெவர்லியின் பெட்டியை அன்றைக்கே திறக்க லோர்னாவுக்குத் துணிவில்லை. லீவு இன்றைக்கு ராத்திரிவரை இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலை கொட்டகையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தாள். அணில் படங்களுக்கும் நலம் விசாரிப்புகளுக்கும் நடுவே ஆர்லன் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. முதல் கடிதம் ஆகஸ்ட் மூன்றாம் தேதி.

"பெவர்லிக்கு வணக்கம். நான் ஆர்லன், உங்க முதலாளியோட வீட்டுக்காரன். போன மாசம் அல்மா அத்தை வீட்டுக் கூரையைச் சரிபண்ணப் போயிருந்தேன். நீங்க எழுதினதையெல்லாம் அத்தை அச்செடுத்து பிஸ்கட் டப்பாவுல வெச்சிருக்காங்க. 'உன் ஏரி மாதிரியே ஒரு ஏரிக்கு இந்தப் பொண்ணும் போறாடா'ன்னு எடுத்துக் குடுத்தாங்க. ஏழு வருஷத்தையும் ஒரே மத்தியானத்துல படிச்சேன். என் ஏரியை என்னைவிட நல்லா எழுதியிருக்கீங்க. சவுனால பாடற ஆளைப் பத்தியும் படிச்சேன். அவ்வளவு மோசமா ஒண்ணும் பாடலை.

"லோர்னாவை நான் இந்த வருஷம் கூப்பிடலை. எட்டாவது தடவையும் பார்த்துட்டுச் சொல்றேன்னு கேக்கறதுக்குப் பயமா இருந்துது. ஆனா உங்களுக்கு ஆகஸ்ட்ல லீவு உண்டுன்னு தெரியும். லீவு விஷயத்துல உங்க முதலாளி ரொம்ப நல்லவங்கன்னும் தெரியும். அதனால உங்களைக் கேக்கறேன். வர்றீங்களா? துறையில ரெண்டு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். கேபின்ல சிக்னல் இல்லை, தினமும் காலைல ஊருக்குள்ள காபிக் கடைக்கு வந்து பார்ப்பேன்."

அதன் கீழேயே, அடுத்த நிமிஷம் இங்கிருந்து போன பதிலும் இருந்தது. "அன்புள்ள நண்பரே, நான் இப்போது என் கணவருடன் ஏரியில் இருக்கிறேன். இங்கே சிக்னல் கிடையாது, அதுவே பெரிய சுகம். பதினெட்டாம் தேதி திரும்பியதும் முதல் வேலையாக உங்களுக்கு எழுதுகிறேன். அதுவரை பறவைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெவர்லி."

லோர்னா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். காபிக் கடையில் உட்கார்ந்து அவன் அதைப் படித்த முகம் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த கடிதம் மறுநாள் எழுதியது.

"பெவர்லிக்கு. உங்க பதில் கிடைச்சுது. புருஷனோட ஏரியிலதான் இருக்கீங்கன்னு போட்டிருந்துது. நேத்து சாயங்காலம் நல்லாத் தேடிப் பார்த்தேன். நாற்காலி ரெண்டு இருக்கு. ஆள்தான் ஒண்ணு குறையுது."

மூன்றாவது பதினாறாம் தேதி. "இந்த வருஷம் ஒரே குஞ்சுதான். கிட்டத்தட்ட அம்மா அளவுக்கு வளர்ந்துடுச்சு, ஆனா தனியா விட்டா கத்துது. லோர்னா கேப்பா, நீங்களே சொல்லிடுங்க. நான் நாளைக்குக் கிளம்பறேன். நாற்காலியை உள்ள எடுத்து வைக்க மனசு வரலை. அப்படியே கிடக்கட்டும்னு விட்டுட்டு வர்றேன்."

லோர்னா அழுதாள். அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த ரெனாட்டா, ஆறு மாதம் முன்பு நிர்வாகத்துக்கு வந்தவள், கையில் மூன்று காகிதங்களோடு நின்றாள். முதலாளி அழுது அவள் பார்த்ததில்லை. காகிதங்களை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

லோர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து மேஜையின்மேல் தள்ளினாள். ஆர்லனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் இதை நீ வைத்துக்கொள், ஸ்பிரிங்காரர்கள் கூப்பிட்டால் நீயே பேசு, கடைக்காரர்கள் கூப்பிட்டாலும் நீயே பேசு என்றாள். சனிக்கிழமை ஷிப்டுக்கு வரச் சொன்ன அந்தப் பையனை அவன் அம்மாவைப் பார்க்க அனுப்பிவிடு என்றாள்.

"ஆறு மாசமா இதைத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன்" என்றாள் ரெனாட்டா. "பெவர்லிக்கு வர்ற கடிதத்தை என்ன பண்றது?"

"அவ வேலையை விட்டுட்டான்னு எழுதிடு. அல்மா அத்தைக்கு மட்டும் நான் நேர்ல சொல்லிக்கறேன்."

பதினொரு மணிக்கு லோர்னா வீட்டுக்குப் போனபோது ஆர்லன் கராஜில் பள்ளிக்கூடத்து உளிகளைத் தீட்டிக்கொண்டிருந்தான். முதல் கூண்டைச் செய்த அதே மேஜை. அந்த நேரத்தில் அவளைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்தான். அவள் வாசலிலேயே நின்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்த மன்னிப்பு வாயில் வரவில்லை.

"கென் இருக்காரா?" என்றாள்.

ஆர்லன் அவளை உற்றுப் பார்த்தான். உளியைக் கீழே வைத்தான். குரலைக் கிணற்றுக்குள் இறக்கி, "கென் எப்பவோ ரிட்டயர் ஆயிட்டாருங்க" என்றான். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

"பெவர்லியும் ஆயிட்டா. இன்னிக்குக் காலைல. லீவையெல்லாம் அவளே எடுத்துத் தீர்த்துட்டா, என்னோடது ஏழு வருஷத்துது அப்படியே இருக்கு." அவள் வெறும் கையை விரித்துக் காட்டினாள். "போனைக் குடுத்துட்டு வந்துட்டேன். நீ கேக்கலை. நான் கேக்கறேன். என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

அவனும் பார்த்துட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அதையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அவனுக்கு ஏழு தடவை பாக்கி இருக்கிறது.

"நாற்காலி வெளியிலதான் கிடக்கு. மழை வர்றதுக்குள்ள போகணும்" என்றான்.

வழியில் அவள் தூங்கிப்போனாள். எழுந்தபோது வண்டி நின்றிருந்தது, கண்ணாடி வழியாகப் பைன் மரங்களும் அவற்றுக்குக் கீழே தண்ணீரும் தெரிந்தன. ஆர்லன் சவுனாவுக்கு விறகு எடுக்கப் போயிருந்தான். லோர்னா செருப்பைக் கழற்றிவிட்டுத் துறையை நோக்கி நடந்தாள். கோடியில் இரண்டு நாற்காலிகள் ஏரியைப் பார்த்துக் கிடந்தன. முதல் பலகை. இரண்டாவது பலகை. மூன்றாவதை வழக்கம்போல் ஒரு எட்டாக எட்டிவைத்துத் தாண்டினாள்.

பின்னால் விறகோடு வந்த ஆர்லன் அந்தப் பலகையின்மேல் சர்வ சாதாரணமாகக் காலை வைத்து வந்தான். அது ஆடவில்லை.

"மாத்திட்டியா?"

"அது ஆச்சு, நாலு வருஷம் இருக்கும்."

"சொல்லவே இல்லையே."

"நீ லூனைப் பத்தித்தான் கேப்ப."

அவள் குனிந்து பார்த்தாள். புதுப் பலகை என்று சொல்ல முடியாது. வெயிலிலும் மழையிலும் நாலு பனிக்காலத்திலும் கிடந்து, மற்றவை மாதிரியே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஆணியின் தலை மட்டும் வேறு மாதிரி இருந்தது. நாலு வருஷமாக ஆடாத ஒரு பலகையைப் பற்றி அவள் நாடு முழுக்க முன்பின் தெரியாதவர்களை எச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் தனியாக முட்டி போட்டு அதை அடித்துப் பொருத்திய மத்தியானத்தில் அவள் எங்கே, யாராக இருந்தாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்து இரண்டு கால்களையும் அந்தப் பலகையின்மேல் வைத்து நின்றாள். அசையாமல் தாங்கியது. கோடிவரைக்கும் நடக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்லன் விறகைக் கரையில் போட்டான். கோடிக்குப் போய் இரண்டு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு அவள் இருக்கிற இடத்துக்கு வந்தான்.